எம் 16, 8.8 என்று எழுதினால் போதுமா? போல்ட் தரநிலைகளைப் படிக்கும் முறை

கடையில் "பதினாறு எம்.எம்., அறுபத்தஞ்சு நீளம், எச்.டி. (ஹை டென்சைல்) போல்ட்" என்று கேட்டால் ஒரு பொட்டலம் கிடைத்துவிடும். அதில் எத்தனை விஷயங்கள் சொல்லாமல் விடப்பட்டிருக்கின்றன என்பது வேலை நடக்கும் இடத்தில்தான் தெரியவரும். ஸ்பேனர் சேராது, கால்வனைசிங் செய்த போல்ட்டில் நட்டு ஏறாது, மரை அறுந்து நட்டு சும்மா சுற்றும். இவற்றில் பெரும்பாலானவை போல்ட்டின் குறைகள் அல்ல. எந்தத் தரநிலை எதைப் பற்றிப் பேசுகிறது, எதைப் பற்றிப் பேசவே இல்லை என்று பார்க்காமல் வாங்கியதால் வருபவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு போல்ட்டின் முழு விவரமும் எந்த ஒரே தரநிலையிலும் இருக்காது. தலை, நீளம், மரை நீளம் ஆகியவை ஒரு தரநிலையில் இருக்கும். மரையின் வடிவமும் இடைவெளியும் இன்னொன்றில். பலம் வேறொன்றில். முலாம், நட்டு, வாஷர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இந்திய முறையில் அறுகோணத் தலை போல்ட்டின் அளவுகளுக்கு ஐ.எஸ். 1364 (தயாரிப்புத் தரம் ஏ, பி), ஐ.எஸ். 1363 (தரம் சி, அதாவது முரட்டு வேலைக்கானது). மரைக்கு ஐ.எஸ். 4218. பலம், சோதனை, முலாம் எல்லாம் ஐ.எஸ். 1367 என்ற பல பகுதிகள் கொண்ட தொகுப்பில். அதில் பகுதி 3 போல்ட்டின் பலம், பகுதி 6 நட்டு, பகுதி 11 மின்முலாம், பகுதி 13 ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது), பகுதி 14 ஸ்டெயின்லெஸ். பகுதி 3-க்கு மூலம் ஐ.எஸ்.ஓ. 898-1. ஆகவே வரைபடத்தில் ஐ.எஸ்.ஓ. எண் இருந்தாலும் ஐ.எஸ். எண் இருந்தாலும் பெரும்பாலும் பேச்சு ஒன்றுதான்.

தலையில் உள்ள எண்

8.8 என்பதில் புள்ளிக்கு முன் உள்ள 8-ஐ நூறால் பெருக்கினால் பெயரளவு இழுவிசைப் பலம்: 800 மெகாபாஸ்கல். புள்ளிக்குப் பின் உள்ள 8, அந்தப் பலத்தில் பத்தில் எத்தனை பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது: 800-இல் 0.8 பங்கு, 640 மெகாபாஸ்கல். இதே கணக்கில் 4.6 என்றால் 400-உம் 240-உம். 10.9 என்றால் 1000-உம் 900-உம். தரநிலையின் அட்டவணையைத் திறந்தால் சில குறைந்தபட்ச அளவுகள் சற்று மேலே இருக்கும். 16 மி.மீ.க்கு மேற்பட்ட 8.8 போல்ட்டுக்கு 830, 10.9-க்கு 1040, 12.9-க்கு 1220. சான்றிதழைச் சரிபார்க்க அட்டவணை எண்ணைத்தான் எடுக்க வேண்டும், தலைக்கணக்கை அல்ல.

மெகாபாஸ்கலை எடையாக மாற்ற மரையின் வலுப்பரப்பு வேண்டும். மரை இடைவெளியை 0.9382-ஆல் பெருக்கி, அதைப் போல்ட் விட்டத்திலிருந்து கழித்து, வரும் எண்ணை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு அது. அடிக்கடி தேவைப்படுபவை: எம் 8-க்கு (அதாவது 8 மி.மீ. விட்டம்) 36.6, எம் 10-க்கு 58, எம் 12-க்கு 84.3, எம் 16-க்கு 157, எம் 20-க்கு 245, எம் 24-க்கு 353 சதுர மி.மீ. எல்லாம் சாதாரண, அதாவது கோர்ஸ் மரைக்கு.

ஐ.எஸ்.ஓ. 898-1 இன்னொரு எண்ணையும் தருகிறது: புரூஃப் லோடு. போல்ட்டை அந்த எடையில் 15 விநாடி இழுத்துப் பிடித்து விட்டால், அதன் நீளம் மாறியிருக்கக் கூடாது. அளவீட்டுப் பிழைக்காக 12.5 மைக்ரான் மட்டும் விடப்படும். 16 மி.மீ. வரை உள்ள 8.8-க்கு இது 580 மெகாபாஸ்கல். எம் 16-க்குக் கணக்கிட்டால் 91,000 நியூட்டன், ஏறக்குறைய 9.3 டன். முறுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இந்த எண்தான். அறுந்துபோகும் எடை 1,25,000 நியூட்டன் என்பது வேறு கதை.

5 மி.மீ. முதல் மேலே உள்ள அறுகோணத் தலை போல்ட்டுகளில் 8.8 போன்ற கிரேடு எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் இரண்டும் இருக்க வேண்டும் என்பது விதி. எண் மட்டும் இருந்து முத்திரை இல்லாத போல்ட்டை 8.8 என்று ஏற்கக் கூடாது. யார் செய்தார் என்று தெரியாத எண்ணுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. 08.8 என்று முன்னால் பூஜ்யம் இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல. பொருளின் பலம் 8.8-தான், ஆனால் தலையின் வடிவம் அந்தப் பலத்தை முழுவதும் தாங்காது என்று அறிவிக்கும் குறி. தட்டைத் தலை, உருண்டைத் தலை ஆலன் போல்ட்டுகளில் இதைப் பார்க்கலாம். சாதாரண ஆலன் போல்ட் இருந்த இடத்தில் அதை மாட்டி, அதே டார்க் (முறுக்குவிசை) கொடுத்தால் தலை கழன்று வரும்.

கோடுகள் மட்டும் உள்ள தலை அமெரிக்க எஸ்.ஏ.இ. முறை. மூன்று கோடு கிரேடு 5, ஏறக்குறைய 8.8-க்குச் சமம். ஆறு கோடு கிரேடு 8, ஏறக்குறைய 10.9. மரை அங்குலக் கணக்கில் இருக்கும் என்பதால் பலம் சமமாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போகாது. பழைய இயந்திரங்களில் இது அடிக்கடி தகராறு செய்யும். நாலு நூல், அதாவது அரை அங்குலப் போல்ட் 12.7 மி.மீ., அங்குலத்துக்கு 12 மரை என்றால் விட்வொர்த், 13 மரை என்றால் அமெரிக்க யு.என்.சி. எம் 12-இன் மரை இடைவெளி 1.75 மி.மீ. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். எம் 12 போல்ட் நாலு நூல் நட்டில் ஆட்டத்தோடு நுழைந்துவிடுவதால் சேர்ந்ததாகவே தோன்றும், இழுத்தால் பிடிக்காது. மரை கேஜ் இல்லாமல் பழைய பெட்டியிலிருந்து போல்ட் எடுக்க வேண்டாம்.

டின்னா, ஐ.எஸ்.ஓ.வா

ஜெர்மனியின் டின் 931 (பாதி மரை), டின் 933 (முழு மரை) எண்கள் நம் கடைகளில் இன்னும் புழங்குகின்றன. அவற்றுக்கு இணை ஐ.எஸ்.ஓ. 4014, 4017. பெரும்பாலான அளவுகளில் வித்தியாசம் இல்லை. நான்கு அளவுகளில் மட்டும் ஸ்பேனர் மாறும்: எம் 10-க்கு டின்னில் 17, ஐ.எஸ்.ஓ.வில் 16. எம் 12-க்கு 19, 18. எம் 14-க்கு 22, 21. எம் 22-க்கு 32, 34. ஒரே பிளாஞ்சில் இரண்டும் கலந்தால் ஃபிட்டர் கையில் இரண்டு ஸ்பேனர் வேண்டும். அதைவிட முக்கியமான வித்தியாசம் நட்டின் உயரத்தில் இருக்கிறது. டின் 934 நட்டு எம் 16-க்கு 13 மி.மீ., ஐ.எஸ்.ஓ. 4032 நட்டு 14.8 மி.மீ. உயரம் வரை. எம் 20-க்கு 16-உம் 18-உம். அந்த இரண்டு மில்லிமீட்டர் வீணாகக் கூட்டப்பட்டதல்ல.

நட்டு

நட்டின் கிரேடு ஒரே எண். 8.8 போல்ட்டுக்கு 8, 10.9-க்கு 10, 12.9-க்கு 12. மேல் கிரேடு நட்டைக் கீழ் கிரேடு போல்ட்டில் போடலாம், தலைகீழாகக் கூடாது. காரணம் இது: அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் அறுந்துபோக வேண்டும், நட்டின் மரை வழிந்துபோகக் கூடாது. போல்ட் அறுந்தால் அங்கேயே தெரிந்துவிடும், வேறொன்று மாட்டிவிடலாம். மரை கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தால் நட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், பார்ப்பவர் இறுகியிருக்கிறது என்று நினைப்பார். ஐ.எஸ்.ஓ. நட்டை உயரமாக்கியது இந்த வரிசை மாறாமல் இருக்கத்தான். நல்ல 10.9 போல்ட்டும், மூட்டையிலிருந்து எடுத்த குறியில்லாத நட்டும் சேர்ந்தால், அந்த இணைப்பின் பலம் நட்டின் பலம்தான்.

வாஷரையும் விட்டுவிடக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 7089 தட்டை வாஷர் 200 விக்கர்ஸ், 300 விக்கர்ஸ் என்று இரண்டு கடினத்தில் வரும். 8.8 வரை 200 போதும், 10.9-க்கு 300 வேண்டும். மென்மையான வாஷரில் 10.9-ஐ முறுக்கினால் தலை வாஷருக்குள் புதைந்து, இறுக்கம் சில நாளில் தளர்ந்துவிடும். ஸ்பிரிங் வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. 8.8-உம் அதற்கு மேலும் உள்ள போல்ட்டுகளின் இறுக்கத்துக்கு முன்னால் அது முழுக்கத் தட்டையாகிவிடுகிறது. அதன் பிறகு அதில் ஸ்பிரிங் எதுவும் மிச்சமில்லை. ஜெர்மனியின் டின் 127 தரநிலை திரும்பப் பெறப்பட்டது. நம்மூரில் பழக்கம் போகவில்லை.

நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

இதைத்தான் பலர் கண்ணளவில் முடிக்கிறார்கள். இரண்டு 20 மி.மீ. தகடுகளை எம் 16 போல்ட்டால் இணைக்கிறோம், வாஷர் நட்டுப் பக்கம் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். தகடு 40, வாஷர் 3, நட்டு 14.8, வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இரண்டு மரைக்கு 4. மொத்தம் 61.8. அடுத்த வழக்கமான நீளம் 65. நீளம் தலைக்குக் கீழிருந்து அளக்கப்படுவது. கவுண்டர்சங்க் போல்ட்டில் மட்டும் தலையையும் சேர்த்து.

இங்கே நிறுத்தாமல் மரை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். 125 மி.மீ. நீளம் வரை மரை நீளம் விட்டத்தின் இரு மடங்குடன் 6. 125-க்கு மேல் 200 வரை இரு மடங்குடன் 12, அதற்கும் மேலே 25. எம் 16-க்கு 38 மி.மீ. எனவே 65 நீளப் போல்ட்டில் தலையிலிருந்து 27 மி.மீ. வரை முழு மரை இல்லை. ஆனால் 27 மி.மீ.யும் வழவழப்பான தண்டு என்று எண்ணிவிடக் கூடாது. மரை மெல்ல முடியும் பகுதிக்காக ஐந்து மரை இடைவெளி, அதாவது 10 மி.மீ. கழிக்க வேண்டும். உறுதியாகத் தண்டு என்று சொல்லக்கூடியது 17 மி.மீ. மட்டும். நம் தகடுகள் சந்திக்கும் இடம் தலையிலிருந்து 20 மி.மீ. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்க முயலும்போது வெட்டுவிசை அந்த இடத்தில் விழுகிறது. தண்டின் பரப்பு 201 சதுர மி.மீ. என்று வடிவமைப்பாளர் கணக்குப் போட்டிருந்தால், அங்கே கிடைப்பது மரைப்பரப்பான 157-ஆகவே இருக்கலாம். 70 நீளப் போல்ட் எடுத்தால் உறுதியான தண்டு 22 மி.மீ. ஆகிறது, வெட்டுத்தளம் தண்டுக்குள் வந்துவிடுகிறது. மரை 12 மி.மீ. வெளியே நீட்டும், அவ்வளவுதான் குறை. கிரிப், அதாவது தகடும் வாஷரும் சேர்ந்த தடிமன், 43 மி.மீ., மரை 32-இல் தொடங்குகிறது. நட்டு தண்டில் முட்டாது. 80 நீளம் போட்டால்கூட மரை 42-இல்தான் தொடங்கும், நட்டு முட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம். அதற்கு மேல் போனால் நட்டு தண்டில் முட்டி, டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், தகடு மட்டும் இறுகியிருக்காது.

துளையின் அளவு போல்ட் தரநிலையில் இருக்காது. கட்டுமான எஃகுக்கு ஐ.எஸ். 800 சொல்கிறது: எம் 12-க்கு 1 மி.மீ. கூட, எம் 16 முதல் எம் 24 வரை 2 மி.மீ. கூட, அதற்கு மேல் 3. எம் 16 என்றால் 18 மி.மீ. துளை. அதே நூலில் துளைகளுக்கு இடையே குறைந்தது விட்டத்தின் இரண்டரை மடங்கு இடைவெளி வேண்டும் என்றும் உள்ளது.

கால்வனைசிங்கில் வரும் சண்டை

ஹாட் டிப் செய்த போல்ட்டில் துத்தநாகம் சராசரி 50 மைக்ரான் அளவிலாவது இருக்க வேண்டும். மரையின் இரண்டு சரிவிலும் ஏறுவதால் மரை விட்டம் அதைப் போல நான்கு மடங்கு கூடும்: 0.2 மி.மீ. சாதாரண 6 எச் நட்டு, சாதாரண 6 ஜி போல்ட் (மரையில் அனுமதிக்கப்படும் அளவு வித்தியாசத்தைக் காட்டும் குறிகள்) இரண்டுக்கும் நடுவே அவ்வளவு இடமில்லை. இதற்கு ஐ.எஸ்.ஓ. 10684 இரண்டு வழி தருகிறது. ஒன்று, நட்டின் மரையைப் பெரிதாக வெட்டுவது. அந்த நட்டில் கிரேடு எண்ணை அடுத்து இசட் அல்லது எக்ஸ் எழுத்து இருக்கும். இரண்டு, போல்ட்டின் மரையை முலாமுக்கு முன்பே சிறிதாக உருட்டுவது. அந்தப் போல்ட்டில் யு எழுத்து. இரண்டில் ஒன்றுதான். யு போல்ட்டில் இசட் நட்டைப் போட்டால் மரை மேலோட்டமாக மட்டுமே பிடிக்கும், இறுக்கும்போதே வழிந்துவிடும். இரண்டு சப்ளையரிடம் போல்ட்டும் நட்டும் தனித்தனியாக வாங்கும் தளங்களில் இது நடக்கிறது. நட்டு, போல்ட், வாஷர் மூன்றையும் ஒரே இடத்தில் செட்டாக வாங்குவதே சரி.

பெரிதாக்கிய நட்டின் மரை கால்வனைசிங்குக்குப் பின் வெட்டப்படுவதால் உள்ளே துத்தநாகம் இருக்காது. இது குறையல்ல, போல்ட்டின் துத்தநாகம் அதையும் காக்கும். நட்டு ஏறவில்லை என்று தளத்தில் மரை வெட்டும் டையை விட்டுப் போல்ட் மரையைச் சுரண்டுவதுதான் குறை. முலாம் போய்விடும், ஆறு மாதத்தில் துரு.

மின்முலாம் வேறு ஆபத்து. அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏற்றும்போதும் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைகிறது. 8.8 போல்ட்டுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. 385 முதல் 435 விக்கர்ஸ் வரை கடினமான 12.9-இல் அது மறைந்திருந்து, இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாளிலோ தலைக்குக் கீழே முறிக்கும். சத்தம் கேட்டு வந்து பார்த்தால் தலை தரையில் கிடக்கும். எனவே 12.9 ஆலன் போல்ட்டை வெள்ளை முலாமில் கேட்பதைத் தவிர்க்கலாம். கருப்பு எண்ணெய்ப் பூச்சோ துத்தநாகத் துகள் பூச்சோ போதும். கட்டாயம் முலாம்தான் என்றால், முலாம் போட்டதும் அடுப்பில் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றியதற்கான பதிவைக் கேட்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஏ2-70 என்று இருந்தால் ஏ2 எஃகின் வகை (304 குடும்பம்), 70 என்பது 700 மெகாபாஸ்கல். ஏ4 என்பது 316 குடும்பம், கடற்கரைக்கு. ஏ2-70 போல்ட் 450 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்கும் என்பதால் 8.8-க்கு மாற்றாக அப்படியே போட முடியாது. உராய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. வேகமான இம்பாக்ட் கன்னில் ஏற்றினால் நட்டு பாதியில் பற்றி, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மெதுவாக, ஆன்டி-சீஸ் தடவி ஏற்ற வேண்டும்.

தரநிலை சொல்லாதவை

ஐ.எஸ்.ஓ. 898-1 தன் எல்லையை வெளிப்படையாகச் சொல்கிறது. வெல்டிங்குக்கு ஏற்றதா, துரு தாங்குமா, வெட்டுவிசையில் எவ்வளவு, எவ்வளவு டார்க் கொடுத்தால் எவ்வளவு இறுக்கம், களைப்பு முறிவு ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் உறுதி தரவில்லை. "8.8-க்கு என்ன டார்க்" என்று அந்தத் தரநிலையில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

டார்க் ஒரு மதிப்பீடு மட்டுமே. இறுக்கவிசை, விட்டம், உராய்வுக் காரணி மூன்றையும் பெருக்கினால் வருவது. எம் 16, 8.8-க்குப் புரூஃப் லோடில் முக்கால் பங்கு, 68,250 நியூட்டன் வேண்டும் என்றால், உலர்ந்த மரைக்குக் காரணி 0.2 எடுத்தால் 218 நியூட்டன் மீட்டர். எண்ணெய் தடவிய மரைக்கு 0.15 எடுத்தால் 164. யாரோ மோலி கிரீஸ் தடவி, காரணி 0.12-ஆகிவிட்ட போல்ட்டில் பழைய 218-ஐயே கொடுத்தால் இறுக்கவிசை 1,13,000 நியூட்டனைத் தாண்டும். போல்ட் நீளத் தொடங்கும் எல்லையே சுமார் 1,00,000 தான். கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தலைக்கடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடுவதால்தான் கிரீஸ் ஒரு துளி இவ்வளவு மாற்றுகிறது.

பாலம், பெரிய கூரை போன்றவற்றில் முன்னிறுக்கம் தேவைப்படும் இடத்தில் சாதாரண 8.8 போல்ட் வராது. அதற்கு ஐ.எஸ். 3757. தலை பெரியது: எம் 16-க்கு 24 அல்ல 27, எம் 24-க்கு 36 அல்ல 41. கிரேடு எண்ணோடு எஸ் எழுத்து சேர்ந்திருக்கும். நட்டு ஐ.எஸ். 6623, கடினப்படுத்திய வாஷர் ஐ.எஸ். 6649, இறுக்கும் முறைக்கு ஐ.எஸ். 4000. ஒருமுறை முழு முன்னிறுக்கம் கொடுத்து, கால்வனைசிங் செய்யப்பட்ட போல்ட்டைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் பயன்படுத்தக் கூடாது.

ஆர்டர் எழுதுவதும் சரக்கைப் பார்ப்பதும்

மேலே உள்ள உதாரணத்துக்கான ஆர்டர் இப்படி இருக்கலாம்: "அறுகோணத் தலை போல்ட், ஐ.எஸ். 1364 பகுதி 1, எம் 16 × 70, கிரேடு 8.8, ஐ.எஸ். 1367 பகுதி 3 படி, ஹாட் டிப் பகுதி 13 படி. நட்டு ஐ.எஸ். 1364 பகுதி 3, கிரேடு 8, முலாமுக்குப் பின் பெரிதாக மரை வெட்டி இசட் குறியிட்டது, போல்ட்டில் ஏற்றிச் சோதித்து அனுப்பவும். தட்டை வாஷர் 200 விக்கர்ஸ், ஹாட் டிப். லாட் வாரியாக 3.1 வகைச் சான்றிதழ்." 3.1 என்பது ஐரோப்பிய 10204 தரநிலையின் வகை. அனுப்பும் அதே லாட்டைச் சோதித்து, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வாளர் கையெழுத்திட்டது. 2.1 என்றால் "ஆர்டர்படி இருக்கிறது" என்ற உறுதிமொழி மட்டும், சோதனை எண் எதுவும் இருக்காது.

சான்றிதழ் வந்ததும் ஹீட் நம்பரும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) லாட் நம்பரும் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கடினம்: 16 மி.மீ. வரை உள்ள 8.8-க்கு 22 முதல் 32 ராக்வெல் சி. 10.9-க்கு 32 முதல் 39. 36 என்று 8.8 சான்றிதழில் இருந்தால் "பலம் கூடுதல்தானே" என்று ஏற்க வேண்டாம். மேல் எல்லை இருப்பது போல்ட் நொறுங்கும் தன்மை பெறாமலிருக்க. சாய்வு வாஷர் வைத்து இழுக்கும் சோதனையின் முடிவில் எங்கே அறுந்தது என்று எழுதியிருக்க வேண்டும். மரையிலோ தண்டிலோ அறுந்தால் சரி. தலையும் தண்டும் சேரும் இடத்தில் அறுந்திருந்தால் எடை எவ்வளவு காட்டியிருந்தாலும் அந்த லாட் திருப்பி அனுப்ப வேண்டியது.

பெட்டியிலிருந்து பத்துப் போல்ட் எடுத்து, கையால் நட்டை முழு மரைக்கும் ஓட்டிப் பார்த்தால் ஹாட் டிப் தகராறுகள் பெரும்பாலும் அங்கேயே வெளிவந்துவிடும். கிரேன் வந்து நிற்கும்போது தெரிவதைவிட அது மலிவு.